கமலாவின் முகம் வெளிறியது யாருக்குத் தெரியும்?

கரு, பாத்திரம், களம் எல்லாம் சரியாக இருந்தும் சிறுகதை ஒட்டாமல் நின்றால், முதலில் நோக்குநிலையை, அதாவது கதை யார் கண் வழியே போகிறது என்பதைப் பாருங்கள்.

'தபால்காரர் நீட்டிய கவரைப் பார்த்ததும் கமலாவின் முகம் வெளிறியது.' கதை கமலாவின் கண் வழியே போகிறதென்றால், தன் முகம் வெளிறியதை அவள் எப்படிப் பார்த்தாள்? வாசலில் கண்ணாடியா மாட்டியிருக்கிறது! 'கவரில் அண்ணனின் கையெழுத்து. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.' இவ்வளவு போதும். பதற்றமும் வந்துவிடும், அண்ணனோடு ஏதோ சிக்கல் என்பதும் தெரிந்துவிடும்.

திருத்தும்போது 'நினைத்தாள்', 'உணர்ந்தார்', 'தோன்றியது' வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். ஒரே காட்சியில் இரண்டு பேர் மனசுக்குள் புகுந்திருந்தால் ஒருவரை வெளியேற்றுங்கள். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அவர் முதல் பத்தியிலேயே தலைகாட்டிவிட வேண்டும்; மூன்றாம் பக்கத்தில் திடீரென்று தபால்காரர் மனசுக்குள் நுழைந்தால் வாசகர் தடுக்கி விழுவார்.