இரண்டு படம், ஒரு நிமிடம்

எங்கள் காலத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் போதும். கதைக்கத் தெரியுமா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஆங்கில ரீச்சர் பழைய கலண்டர்களில் வெட்டிய படங்களை இரண்டிரண்டாகக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு எங்களைக் கதைக்க வைப்பார். ஒன்றில் கரைவலை இழுப்பவர்கள், மற்றதில் தேயிலை பறிக்கும் பெண்கள். "படத்தில என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியுது. ரெண்டும் எங்க ஒத்துப்போகுது, எங்க வேறுபடுது, அதைச் சொல்லுங்கோ" என்பார்.

அதன் அருமை சுவிஸ் வந்த பிறகுதான் புரிந்தது. வேலைக்காகக் கேம்பிரிட்ஜ் ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் போனேன். 1939இல் வேறொரு பெயரில் தொடங்கிய பரீட்சை அது. பேச்சுப் பகுதிக்குப் பெரும்பாலும் இருவர் இருவராகவே கூப்பிடுவார்கள். எதிரே இரண்டு பரீட்சகர்கள்; ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் கேட்டுக்கொண்டிருந்து புள்ளி போடுவார். எல்லாமாக 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் இரண்டு புகைப்படங்கள் தருவார்கள், மேலே ஒரு கேள்வி அச்சிட்டிருக்கும். படங்களை ஒப்பிட்டு, அந்தக் கேள்விக்கும் பதில் வரும்படி ஒரு நிமிடம் தனியாகக் கதைக்க வேண்டும்.

எனக்கு வந்த ஒரு படத்தில் முதியவர் ஒருவர் தனியே தோட்டம் கொத்துகிறார். மற்றதில் இளைஞர்கள் கூட்டமாக மரம் நடுகிறார்கள். ஏன் இதைச் செய்கிறார்கள் என்பது கேள்வி. எல்லோருக்கும் கையில் மண்தான். ஆனால் பெரியவருக்கு அது ஓய்வுகால நிம்மதியாக இருக்கலாம், இளைஞர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யும் சந்தோஷமாக இருக்கலாம் என்று சொன்னேன். ரீச்சர் ஊட்டிய 'போத்' (இரண்டும்), 'வேராஸ்' (மற்றதிலோ), 'மைட் பி' (இருக்கலாம்) எல்லாம் தானாக வந்தன.

இப்போது இங்குள்ள நம் பிள்ளைகளைப் பயிற்றும்போது பார்க்கிறேன். நல்ல ஆங்கிலம் உள்ள பிள்ளைகூட நீலச் சட்டை, பச்சை மரம் என்று முதல் படத்தையே விவரித்துக்கொண்டிருக்கும். கேள்விக்கு வருமுன் நேரம் முடிந்துவிடும். ஊகம் சரியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இலக்கணம், சொல்வளம், பேச்சைக் கோவையாகக் கொண்டுபோவது, உச்சரிப்பு, இவற்றுக்குத்தான் புள்ளி. அப்புறம், மற்றவர் கதைக்கும்போதும் காது கொடுக்க வேண்டும். அவர் முடித்ததும் அதே படங்களைப் பற்றி நமக்கு ஒரு சிறு கேள்வி வரும்; பதில் சொல்ல 30 விநாடி அளவில்தான் கிடைக்கும்.

மார்கழிப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். இருவராக வந்தால் இன்னும் நல்லது.