பை கதவருகில் இருக்கிறது

பிப்ரவரி 6, 2023

அதிகாலை 4:17. நிலநடுக்கம், அளவு 7.8. துருக்கியின் தெற்கு, சிரியாவின் வடக்கு. எங்கள் மீட்பு அணிக் குழுவில் வந்த முதல் செய்தி இவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை, பாஸ்போர்ட் படத்தை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். துருக்கி நான்காம் நிலை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. வெளிநாட்டு உதவி வேண்டும் என்று அர்த்தம்.

மதியம் பக்கத்திலேயே இன்னொன்று, 7.5. காலையில் விரிசலோடு நின்ற கட்டடங்களும் இதில் போயிருக்கும். சொந்தக்காரர்களைத் தேடி அவற்றுக்குள் ஏறியவர்கள்?

பிப்ரவரி 7

“எத்தனை நாள் லீவு?” என்றார் அதிகாரி. தெரியாது சார் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐ.நா. வகைப்பாட்டில் கனரக அணி என்றால் பத்து நாள் தன் காலில் நிற்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாம் சுமந்து போக வேண்டும். எங்களுக்கு அந்த முத்திரை இல்லை. ஆளும் பயிற்சியும் இருக்கிறது. போனால் ஒரு ரொட்டிகூட அங்கே வாங்கித் தின்னக் கூடாது. அது அவர்கள் ரொட்டி.

பிப்ரவரி 8

அழைப்பு இல்லை.

பிப்ரவரி 9

அழைக்காமல் போகக் கூடாது என்ற விதியைத் திட்டவும் முடியவில்லை. 1985இல் மெக்சிகோவிலும் 1988இல் ஆர்மீனியாவிலும் ஆளாளுக்கு வந்து இறங்கி, யார் எங்கே தோண்டுகிறார்கள் என்றே தெரியாமல் போனது. அதனால்தான் 1991இல் இன்சராக் வந்தது, மீட்பு அணிகளை ஒருங்கிணைக்கும் ஐ.நா. அமைப்பு. ஒரு கட்டடத்தைப் பார்த்து முடித்த அணி சுவரில் பெட்டி வரைந்து, தன் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போகிறது என்றால் அந்தக் குழப்பத்தில் கற்றதுதான். சரி. ஆனால் அதே மெக்சிகோவில்தான் டோப்போஸ் என்ற தன்னார்வ மீட்பர்களும் பிறந்தார்கள். அவர்களை யார் அழைத்தது? கையில் கிடைத்ததோடு இடிபாட்டுக்குள் ஊர்ந்து போன சாதாரண ஆட்கள். இப்போது துருக்கியிலும் இருக்கிறார்கள்.

சிரியாவின் வடமேற்கு? அது டமாஸ்கஸ் அரசின் கையில் இல்லை. அங்கிருந்து முறைப்படி அழைக்க யார் இருக்கிறார்கள்? நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐ.நா.வின் முதல் லாரிகள் இன்றுதான் துருக்கி எல்லையிலுள்ள பாப் அல்-ஹவா வாசலைத் தாண்டின. அங்குள்ள தன்னார்வ மீட்பர்களான வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் இருக்கிற கொஞ்ச இயந்திரங்களோடு தோண்டுகிறார்கள். பக்கத்து நாட்டுக்கு விமானம் விமானமாக அணிகள் இறங்குகின்றன. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 10

உயிரோடு இருப்பவர்களைத் தேடுவதை வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 11

பயிற்சிக்குப் போனோம், சும்மா இருக்க முடியாமல். நீளமாக ஒரு விசில்: வேலையை நிறுத்து, வாயை மூடு, கேள். குட்டியாக மூன்று: வெளியே ஓடு. அப்புறம் நசுங்கிய கால். பாரத்தை உடனே தூக்கிவிடத்தான் கை பரபரக்கும். அத்தனை நேரம் நசுங்கிக் கிடந்த தசையிலிருந்து பொட்டாசியம் ஒரே பாய்ச்சலில் ரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடும். முதலில் சலைன், பிறகுதான் தூக்குவது. புதுப் பையன் ஒருவன், “மருத்துவர் வரும்வரை அவரிடம் என்ன பேசுவது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

மெக்சிகோ ராணுவத்தின் மோப்ப நாய் புரோட்டியோ துருக்கியில் தேடுதலின்போது இறந்துவிட்டது. இத்தனை ஆயிரம் பேருக்கு வராத அழுகை இதற்கு வந்தது. எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 13

பாப் அல்-சலாம், அல்-ராய் எல்லை வாசல்களையும் மூன்று மாதத்துக்குத் திறக்க டமாஸ்கஸுக்குச் சம்மதமாம். இன்றைக்கு!

பையிலிருந்த மருந்துகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார் அணித்தலைவர். கூடாரம் மட்டும் கட்டியபடி இருக்கட்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இரவு கூட்டத்தில் சொல்கிறேன் என்றார்.