நோயே இல்லாத பையனுக்கு 6 மாத மாத்திரை

மாமனாருக்கு டிபி (காசநோய்) என்று சளி டெஸ்டில் தெரிந்த வாரமே, டிபி பிரிவு ஊழியர் பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தறிக்குடோன் தூசியில் இருமுகிறார் என்றே நாங்கள் இருந்தோம். ஒரு கிளினிக்கில் இருமல் மருந்தாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் மாமாவைப் பற்றி அதிகம் பேசவில்லை. "வீட்ல குழந்தைங்க இருக்காங்களாங்க? அவர்கூட யார் படுப்பாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

சின்னவனுக்கு மூன்று வயது. அப்பாரு, அதாவது தாத்தா, மடியை விட்டு இறங்க மாட்டான். பெரியவளுக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். சின்னவனுக்கு ஒன்றும் இல்லை. பெரியவளுக்கு இருமல் நிற்காமல் இருந்தது, எடையும் ஏறவில்லை, எக்ஸ்ரேயும் சந்தேகமாக இருந்தது.

சளி கொடு என்றால் அவளுக்குத் துப்பத் தெரியவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் சளியை விழுங்கிவிடுவார்களாம். அதனால் வயிற்றிலிருந்தே எடுக்கிறார்கள். முதல் நாள் இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடிகாலையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கும் முன்பு, மூக்கு வழியாக மெல்லிய டியூப் விட்டார்கள். "முழுங்கு கண்ணு, இன்னொருக்கா முழுங்கு" என்று நர்ஸம்மா சொல்லச் சொல்ல, என் விரலை நெரித்துக்கொண்டே முழுங்கினாள். சிரிஞ்சில் வந்தது கொஞ்சம் கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் கிருமி இருந்தது. டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்பதும் அதிலேயே தெரிந்தது.

அவளுடைய சிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் மூன்று மருந்து. அளவு எடைக்குத் தகுந்தபடி. தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரையே அரசு கொடுக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சண்டை வந்தது சின்னவனுக்காகத்தான். அவனுக்குத் தடுப்பு மாத்திரை, ஐசோனியாசிட், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் தினமும் 6 மாதம். "ஓடியாடிட்டு இருக்கற பையனுக்கு எதுக்கு மாத்திரை? பொறந்தப்பவே ஊசி போட்டாச்சல்ல?" என்றார் அத்தை, என் மாமியார். டாக்டர் அவரையே வரச்சொல்லிப் பேசினார். பிசிஜி ஊசி மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான டிபியிலிருந்து குழந்தையைப் பெருமளவு காக்கும். ஆனால் வீட்டிலேயே ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் அது மட்டும் போதாது. உள்ளே போன கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம், ஐந்து வயதுக்குள் அது சீக்கிரம் நோயாக மாறும் என்றார்.

அத்தைக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவருக்கு டிபி என்றாலே, அந்தக் காலத்தில் நோயாளிகளைத் தங்கவைத்த பெருந்துறை சானடோரியம்தான். மாமாவைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்களோ என்று கேட்டார். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன்தான் என்று 1959இல் வெளியான சென்னை ஆய்வே காட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்து சரியாகப் போனால் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறையும் என்றதும்தான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனாலும் நோயாளிப் பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது சுலபம். இருமல் குறைவது தெரியும், கன்னம் உப்புவது தெரியும். சின்னவன் விஷயத்தில் கண்ணுக்குத் தெரிய எதுவுமே இல்லை. ஊருக்குப் போனால் மறக்கும், ஒரு நாள் துப்புவான், "இன்னைக்கு விடேன்" என்று யாராவது சொல்வார்கள். பொடித்துத் தண்ணீரில் கலந்து, பெரியவள் மருந்து குடிக்கும் அதே நேரத்தில் அவனுக்கும் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒழுங்கானது. அக்காவுக்குக் கொடுத்தால் அவனுக்கும் வேண்டும், அந்த வயசு அப்படி. வாந்தி விடாமல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார்கள், கல்லீரலுக்காக. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

வாரம் ஒருமுறை வீதம் 12 வாரத்தில் முடிகிற தடுப்பு மருந்தும் இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்; கேட்பதில் தப்பில்லை.

சிகிச்சை எடுப்பவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன்பு 500). பெரியவளுக்குக் கணக்கு இல்லாததால் என் பாஸ்புக்கைக் கொடுத்தேன். பதிவு செய்யும் அன்றே அதையும் ஆதாரையும் கையோடு கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம்.