மூன்று முறை திரும்பி வந்த படிவம்

மானிடவியலும் தொல்லியலும் சேர்ந்த பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வேட்டை நேற்று ஒப்படைத்துவிட்டேன். மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது ஒன்பது மாதம் இழுத்தது. மிச்ச ஆறு மாதத்தை விழுங்கியது நான்கு பக்கப் படிவம் ஒன்று.

அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் உள்ள கறுப்புத் திட்டுகளை, இன்றும் திறந்த சூளையில் சுடும் குயவர்களின் கலங்களோடு ஒப்பிடுவதுதான் என் தலைப்பு. ஓடுகளை ஆராய யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் மனிதரிடம் ஒரு கேள்வி கேட்பதென்றாலும், ஆய்வால் யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்; அந்தப் படிவம் அதற்குத்தான். தொல்லியல் பக்கமே அதிகம் சாய்ந்திருந்த எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

முதல் முறை திரும்பி வந்ததற்குக் காரணம், குரல் பதிவுக்குத் தனி ஒப்புதல் தாள் இல்லை என்பது. அதைச் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எப்படி ஒப்புதல் பெறுவாய் என்று கேட்டுத் திருப்பினார்கள். சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட ஒரு வாய்மொழி ஒப்புதல் உரை எழுதினேன். மூன்றாம் முறை கடைசிப் பக்கத்தில் நெறியாளரின் கையெழுத்து இல்லை. அவரோ களத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. “இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்று அலுவலகத்தில் கேட்டேன். “முதல் குறை கண்ணில் பட்டதும் திருப்பி அனுப்புவதுதான் இங்கே வழக்கம்” என்றார் அந்த எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் உலகப் போரின்போது மானிடவியலாளர் சிலர் ஆய்வைத் திரையாக்கி உளவு பார்த்தார்கள் என்று 1919-இல் அமெரிக்க மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பகிரங்கமாக எழுதினார். அமெரிக்க மானிடவியல் சங்கம் கண்டித்தது அவரைத்தான். இந்தத் துறைக்குக் கடிவாளம் தேவை. ஆனால் மாதம் ஒரு முறை கூடும் குழு, குறைகளை ஒரே தாளில் எழுதித் தரக் கூடாதா?

இதற்கு நடுவில் பொறுமை இழந்து, அரை நாள் பஸ் பயணம் செய்து குயவர்களிடம் போய்விட்டேன். மழை தொடங்கிவிட்டதால் சூளை மூடிக் கிடந்தது. அங்கிருந்த மூதாட்டி ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார்; பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். திரும்பியதும் நெறியாளர் சொன்னார்: “அனுமதிக்கு முன் கேட்டதில் ஒரு வரிகூட ஆய்வேட்டில் வரக் கூடாது.” அந்தப் பன்னிரண்டு பக்கமும் அப்படியே கிடக்கின்றன.

ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே குழு கூடும் தேதிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அனுமதி பெற்றவரின் படிவத்தைக் கேட்டுப் பாருங்கள். பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், பேசியவர் மனம் மாறினால் எப்படி விலகலாம் என்ற இரண்டையும் கேட்காமலே எழுதிவிடுங்கள். நெறியாளர் களத்துக்குக் கிளம்பும் முன் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அகழாய்வு வாரங்கள் பெரிய சிக்கலின்றி முடிந்தன. ஓடுகளைக் கழுவும்போதுதான் ஒரு பையின் சீட்டில் மை கரைந்து எண் மறைந்துவிட்டது. எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத ஓடு ஆய்வுக்கு உதவாது. அன்றைய களக்குறிப்பேட்டில் பை எண்ணையும் அடுக்கு எண்ணையும் எழுதி வைத்திருந்ததால் நாற்பது ஓடுகள் தப்பின. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

ஆனால் கரிமக் காலக்கணிப்புக்கான கரித்துண்டோடு காகிதச் சீட்டை வைக்காதீர்கள். நான் வைத்தேன். கரியில் உள்ள கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள்; மிச்சமிருக்கும் அதன் அளவைக் கொண்டுதான் காலத்தைக் கணிக்கிறார்கள். காகிதத்தில் இருப்பதும் கார்பன்தான், ஆனால் அண்மைக் காலத்தது. அதன் இழை ஒட்டிக்கொண்டால், கரி தன் வயதைவிட இளையதாகத் தெரியக்கூடும். ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நெறியாளர் கண்டுபிடித்துவிட்டார். அலுமினியத் தாளில் தனியாகச் சுற்றி வைத்திருந்த இன்னொரு துண்டு இருந்ததால் பிழைத்தேன்.

அனுமதி கிடைத்த பிறகு, மழை ஓய்ந்ததும் மீண்டும் போனேன். ஒப்புதல் உரையை வாசித்தேன். அந்த மூதாட்டி முன்பு சொன்னதை மறுபடி சொன்னதோடு, சூளையை அடுக்கியும் காட்டினார். விறகு நேராகப் பட்ட இடத்தில் கலம் கறுத்தது. கவிழ்த்து வைத்த கலத்தின் உட்புறம் காற்றுப் படாமல் முழுவதும் கறுத்தது. என் ஓடுகளில் பதினொன்றில், பானையின் கழுத்துக்குக் கீழுள்ள தோள்பட்டைப் பகுதியில் அதே திட்டு இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று. ஆய்வேட்டை ஒப்படைத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். நேற்று எனக்கு முத்திரை இல்லாத ரசீதைத்தான் தந்தார்கள். பாதி வழியில் கவனித்துத் திரும்பிப் போய், அதே எழுத்தரிடம் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன்.