மீதி மாத்திரை எதைக் கொல்கிறது?

"நோய்தான் போய்விட்டதே, மீதி மாத்திரை உள்ளே போய் எதைக் கொல்கிறது, சார்?"

பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பற்றி நான் பேசிய ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் இப்படிக் கேட்டவர், சிறுநீர்த் தொற்று வந்த தாயாரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்மணி. எரிச்சல் நின்றுவிட்டதாம். கையில் வைத்திருந்த மாத்திரை அட்டையில் பாதிக் குழிகள் காலி; மீதியில் மாத்திரை அப்படியே இருந்தது. "நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்" என்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் அதுதான். பதிலில் பிழை கிடையாது. ஆனால் நிறுத்தலாமா என்று அவர் கேட்கவே இல்லை. எதைக் கொல்கிறது என்றுதான் கேட்டார்.

அதற்கு விடை எனக்குத் தெரியும். நோய்க்கிருமி மிச்சம் இருந்தால் அதைக் கொல்லும். இல்லாவிட்டாலும் சும்மா இருக்காது. நம் குடலில் தீங்கில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும். அவற்றில் மருந்துக்கு அசையாதவை மட்டும் தப்பிப் பெருகும். அந்த எதிர்ப்புத் திறனை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தின் வழியாக நோய் தரும் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடக்கூடும். தேவைக்கு மேல் ஒரு நாள் சாப்பிட்டாலும் அந்த வாய்ப்பு கூடத்தான் செய்கிறது.

இதை ஏன் சொல்லவில்லை? முன்வரிசையில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுவரும் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். சில வாரங்களில் இருமல் அடங்கி உடம்பு தேறும். ஆனால் மெதுவாகப் பெருகும் அந்தக் கிருமி உள்ளே பதுங்கியே இருக்கும். பாதியில் விட்டால் நோய் திரும்பும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கே அடங்காத வடிவிலும் திரும்பலாம். உடம்பு தேறினால் போதும் என்று அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. அதனால்தான் அடக்கி வாசித்தேன். அது சரியான முடிவு என்று இன்றும் வாதாடுவேன்.

வாதாடி முடித்த கையோடு சந்தேகமும் வந்துவிடுகிறது. 1945-இல் நோபல் உரையில், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தொண்டை வலிக்குப் பெனிசிலினைக் குறைவாகச் சாப்பிடும் ஒரு கற்பனை மனிதரைக் காட்டி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவர் எடுத்துக்காட்டிய தொண்டைக் கிருமியோ இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்பட்டே வருகிறது. முழு கோர்ஸையும் முடிக்காவிட்டால் எதிர்ப்பு வளரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். இதெல்லாம் தெரிந்த நான், 'முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள்' என்ற ஒற்றை வரியையே எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்! யோசியுங்கள் என்று மக்களைக் கூட்டி உட்காரவைக்கிறோம். ஒருவர் உண்மையிலேயே யோசித்துக் கேட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறோம். இது எனக்கு உறுத்துகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. அரைகுறையாகக் காதில் விழுந்த உண்மையால் வரும் கேடு பெரிது. நிறுத்திய மாத்திரை அலமாரிக்குப் போகும். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் வெளியே வரும். சளிக்குக் காரணம் வைரஸ். அதன்மீது ஆன்டிபயாடிக்குக்கு எந்த வேலையும் இல்லை. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு மேடையில் சொற்களோடு விளையாட எனக்குத் துணிவில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி நவம்பர் 18 முதல் 24 வரை வரும் விழிப்புணர்வு வாரத்துக்கான துண்டுப் பிரசுரத்தில் இம்முறை ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'மருந்து எழுதும்போதே, எத்தனை நாள், ஏன் அத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.' காசநோய் மருந்தை எக்காரணம் கொண்டும் இடையில் விடாதீர்கள் என்று அதன் கீழேயே தடித்த எழுத்தில் போட்டாயிற்று. முதல் வரி டாக்டரோடு பேரம் பேசச் சொல்வதுபோல இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார் உடன் பணியாற்றுபவர். நான் இன்னும் எடுக்கவில்லை.