வொய்ஸ்மெயில் எண்கள் நகரும்: ரெப்ளிகேஷனும் பேக்கப்பும்

ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசிச் சேர்வர் மென்பொருளில் ஒரு குரல் செய்திக்கு (வொய்ஸ்மெயிலுக்கு) இருக்கும் முகவரி இரண்டே இரண்டு: எந்தப் பெட்டி, அதில் எத்தனையாவது எண். அந்த எண் நிலையானதல்ல. 20 செய்தி கிடக்கும் பெட்டியில் முதலாவதை அழித்துவிட்டுப் போனை வைத்தால், மிச்சம் 19ம் ஒவ்வொரு படி கீழே இறங்கும். இதை மறந்து போடும் பேக்கப் எதுவும் ஒரு நாள் காலை வாரிவிடும்.

பைல்களாகச் சேமிப்பவர்கள் இரவில் ஆர்சிங்க் என்ற பைல் கொப்பிக் கருவியை ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மூலத்தில் அழிந்ததைக் கொப்பியிலும் அழிக்கும் தெரிவைப் போடாவிட்டால், கடைசி எண்ணின் பழைய பைல் அங்கேயே தங்கும். ஒரே குரல் இரண்டு எண்ணில் கேட்கும். எண் மாறிக்கொண்டிருக்கும்போதே கொப்பி ஓடினால் இன்னும் மோசம்: ஒருவருடைய குரல், இன்னொருவருடைய அழைப்பு விபரம்.

அதனால்தான் ஓடிபிசி என்ற இணைப்பான் வழியாக மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் போடுவது மேல். அங்கே முதலில் பார்க்கவேண்டியது ஒலிப்பதிவு நிரலின் (டேபிளின் நெடுவரிசையின்) வகை. வெறும் பிளொப் (பைட்டுகளை அப்படியே வைக்கும் வகை) என்றால் 65,535 பைட்டுக்கு மேல் கொள்ளாது. 8 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் வேவ் ஒலி செக்கனுக்கு 16,000 பைட். ஆக, ஸ்ட்ரிக்ட் மோட் (அளவு மீறியதை ஏற்க மறுக்கும் முறை) இல்லாத சேர்வரில் "வணக்கம், துறைமுகத்தில இருந்து கதைக்கிறன், உங்கட கன்டெய்னர்..." என்பதோடு, நாலு செக்கனில், குரல் அறுந்துவிடும். அதன் பெரிய வகையான லோங்பிளொப் போடுங்கள். மூன்று நிமிடச் செய்தி 2.88 மெகாபைட், டேட்டாபேஸை ஒரு பைலாக இறக்கும் டம்ப்பை ஹெக்ஸ் (பைட்டுக்கு இரண்டு எழுத்து) வடிவில் எடுத்தால் அதன் இரட்டிப்பு. ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவை சேர்வரில் மட்டுமல்ல, மீட்கும் கிளையன்டிலும் 64 மெகாபைட்டாக வையுங்கள். சுருக்கிய வடிவமான வேவ்49க்கு மாறினால் செக்கனுக்கு 1,625 பைட்தான். போன் குரலுக்கு அது தாராளம்.

இனி ரெப்ளிகேஷன்: ஒரு சேர்வரின் மாற்றங்களை ரெப்ளிகா என்ற இன்னொரு சேர்வரில் உடனுக்குடன் பிரதி செய்வது. முதன்மை சேர்வர் கொழும்புக் கோட்டையில், ரெப்ளிகா வெள்ளவத்தைக் கிளையில் என்று வைத்துக்கொள்வோம். மாற்றங்களைப் பதியும் பின்லாக் ரோ வடிவில் (வரிசை வரிசையாக), ரோ இமேஜ் என்ற தெரிவு முழுமையாக இருந்தால், ஒவ்வொரு எண் மாற்றத்துக்கும் அந்த வரிசையின் பழைய உருவும் புதிய உருவும் ஒலியோடு சேர்த்து எழுதப்படும். ஒரு நிமிடச் செய்திகள் 20 உள்ள பெட்டியில் ஒன்றை அழித்தால், 19 தடவை 1.92 மெகாபைட்: 36 மெகாபைட்டுக்கு மேல். மாறியது என்னவோ 19 சின்ன எண்கள். போயா விடுமுறைக்கு மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாகப் பெட்டியைத் திறந்து கேட்டு அழிக்கும்போது ரெப்ளிகா ஏன் பின்தங்குகிறது என்று இணைப்பைத் திட்டுவதில் பயனில்லை. ரோ இமேஜை நோபிளொப் என்று மாற்றுங்கள். மாறாத ஒலி பின்லாக்கில் ஏறாது. இதற்கு டேபிளில் பெட்டிப் பாதையும் செய்தி எண்ணும் சேர்ந்த பிரைமரி கீ (வரிசையை இனங்காணும் தனித்த சாவி) கட்டாயம்.

இரண்டு பக்கமும் எழுதவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். இரண்டு ஆஸ்டெரிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்குச் செய்தி வாங்கினால் இரண்டும் அடுத்த எண்ணாக ஒன்றையே எடுக்கும்; ஒரே சாவி இரண்டு தடவை வந்தது என்ற 1062 பிழையோடு ரெப்ளிகேஷன் நிற்கும். டேட்டாபேஸே எண் கொடுக்கும் ஓட்டோ இன்கிரிமென்ட்டில் ஒரு சேர்வருக்கு ஒற்றை, மற்றதற்கு இரட்டை என்று பிரிக்கும் வித்தை இங்கே பலிக்காது. இந்த எண்ணைக் கொடுப்பது டேட்டாபேஸ் அல்ல, ஆஸ்டெரிஸ்க்.

2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு யூபிஎஸ் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்லாக்கை உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதவைக்கும் சிங்க் பின்லாக் தெரிவு 1 ஆக இல்லாவிட்டால், திடீரென மின் போகும்போது முதன்மை சேர்வர் தன் பின்லாக்கின் வாலை இழந்துவிடலாம். ரெப்ளிகாவோ அதைத் தாண்டிப் படித்திருக்கும். திரும்ப எழும்பியதும், கேட்ட இடம் பின்லாக்கில் இல்லை என்ற 1236 பிழை வரும். அப்போது புதிய டம்ப்பிலிருந்து ரெப்ளிகாவை மறுபடி கட்டுவதுதான் நேர்மையான வழி. கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டையும் ஒருமுறை பாருங்கள்: ரெப்ளிகேஷன் நின்றால் தாமதம் காட்டும் இடத்தில் நல் (மதிப்பு இல்லை) என்று வரும். அதைப் பூச்சியமாக எண்ணும் ஸ்கிரிப்ட் பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

ரெப்ளிகா பேக்கப் அல்ல. முதன்மையில் அழித்தது அங்கேயும் அழியும். ஒரு மணித்தியாலம் வேண்டுமென்றே பின்தங்கும் இன்னொரு ரெப்ளிகா, இரவு டம்ப், இடையில் உள்ள பின்லாக்குகள், இம்மூன்றும் வேண்டும். டம்ப்பை சிங்கிள் டிரான்ஸாக்ஷனாக (ஒரே கணத்து நிலையாக) எடுங்கள். பெட்டிச் சொந்தக்காரர் பதிந்த வரவேற்புக் குரல் எண் -1இல் கிடக்கும். பூச்சியத்திலிருந்து வடிகட்டினால் அது விடுபடும். ரகசிய எண்ணைப் போனிலிருந்தே மாற்றினால் அது வொய்ஸ்மெயில் கொன்பிக் பைலில் எழுதப்படும், ஆகவே அதையும் சேருங்கள். குரலும் தனிப்பட்ட தரவுதான். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தாவது கொப்பியை என்கிரிப்ட் செய்யுங்கள்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. சோதனைச் சேர்வரில் ஏற்றி, ஒவ்வொரு வரிசையிலும் ஒலியின் பைட் நீளத்தை 16,000ஆல் (வேவ்49 என்றால் 1,625ஆல்) வகுத்து, பக்கத்து நிரலில் உள்ள செக்கனோடு ஒப்பிடுங்கள். அதைவிட மிகக் குறைந்து நிற்பவை அறுந்தவை. ஒன்றை வெளியே எடுத்துக் கேட்க டம்ப்பைல் கொமாண்ட். அவுட்பைல் என்றால் பைட்டுகளுக்கிடையே தன் குறிகளைச் செருகி ஒலியைக் கெடுத்துவிடும்.

தவறி அழித்த ஒரே செய்தியை ஓடும் பெட்டிக்குத் திருப்பும்போது, பழைய எண்ணில் செருகாதீர்கள். அதில் இப்போது வேறொருவர் இருப்பார். ஆள் பெட்டிக்குள் இல்லாத நேரம் பார்த்து, இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிச் செருகுங்கள். கொன்பிக்கில், பெட்டிகளை இடைக்கிடை பார்க்கும் போல் மெயில்பொக்ஸஸ் தெரிவு இயங்கினால், அரை நிமிடத்துக்குள் மேசைப் போனின் விளக்கு எரியும்.