கோப்பி குடிக்கப் போன கேப்ல

நேற்றிரவு வெள்ளவத்தை வீட்டில வேர்க்க வேர்க்க மகளோட சயன்ஸ் பாஸேஜ். 1961இல எட்வர்ட் லொரன்ஸ் எண்ட வானிலை விஞ்ஞானி கம்ப்யூட்டர்ல போட்ட வானிலைக் கணக்கை நடுவில இருந்து திரும்ப ஓட விடேக்க, 0.506127க்குப் பதிலா பிரிண்ட்ல இருந்த 0.506ஐ அடிச்சிட்டு கோப்பி குடிச்சிட்டு வந்து பாத்தா, கணக்கில வந்த வானிலையே முதல் தரத்தை விட வேற மாதிரி!

"இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்?" இவள் 'வானிலை வெறும் தற்செயல்' எண்டதுக்கு டிக் போட்டிட்டாள். இல்லையம்மா, ரெண்டு தரமும் அதே சமன்பாடுதானே, தற்செயல் எங்க வந்தது, தொடக்கத்தில விட்ட துளி வித்தியாசம்தான் போகப்போகப் பெருத்திருக்கு எண்டன்.

"அப்பிடி ஒரு வரியும் இதில இல்லையே அம்மா?"

அதுக்குத்தானடி இன்ஃபரன்ஸ் எண்டு பேர்!

அடுத்த கேள்வி, 'எழுத்தாளர் எதை ஏற்கமாட்டார்?' அதில 'மாட்டார'க் கவனிக்காம பிழை விட்டது நான். இன்னும் சிரிக்கிறாள்.